ப்ளூபெர்ரி பார், ஸ்ட்ராபெர்ரி பார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொராண்டோ பக்கம் ஜூன் நடுவில் ஸ்ட்ராபெர்ரித் தோட்டங்கள் திறந்துவிட்டால் ஆகஸ்ட் முடியும்வரை பெர்ரிக் காலம்தான். முதலில் ஸ்ட்ராபெர்ரி, ஜூலையில் ராஸ்பெர்ரி, ஜூலை நடுவிலிருந்து ப்ளூபெர்ரி. நாமே பறித்து எடைபோட்டு வாங்கும் தோட்டத்துக்குப் பிள்ளைகளோடு போனால் தேவைக்கு மேல் பறிக்காமல் யாரும் திரும்புவதில்லை. வீட்டுக்கு வந்தபின்தான் அந்தக் கூடையை என்ன செய்வது என்ற யோசனை வரும். பழத்தை உள்ளே வைத்த பை (pie) சுடப் பொறுமை இல்லாதவர்களுக்கு நான் சொல்வது பெர்ரி பார். ஒவ்வொரு கோடையிலும் உறவுக்காரர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

பெர்ரி பார் என்றால் என்ன? கேக்கா, பிஸ்கட்டா?

இரண்டும் இல்லை. அடியில் வெண்ணெய் பிஸ்கட் மாதிரி ஓர் அடுக்கு, நடுவில் பழம், மேலே உதிர் உதிராக இன்னொரு அடுக்கு. மேலுக்கும் கீழுக்கும் ஒரே மாவுதான், அதுதான் இதில் உள்ள சுலபம். மாவைத் தேய்க்க வேண்டாம், மிக்சர் வேண்டாம், முட்டை அடித்து நுரைக்க வேண்டாம். கிரம்பிள் என்று சொல்வதும் கிட்டத்தட்ட இதே சங்கதிதான். ஆனால் அதைக் கிண்ணத்தில் போட்டுக் கரண்டியால் சாப்பிட வேண்டும். பாரைத் துண்டு போட்டுக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கலாம்.

அளவும் செய்முறையும் சொல்லுங்கள்.

8 அங்குல (20 செ.மீ.) சதுரத் தட்டுக்கு, ப்ளூபெர்ரியை வைத்துச் சொல்கிறேன்.

மாவுக்கு: மைதா 190 கிராம் (ஒன்றரை கப்), சர்க்கரை 100 கிராம் (அரை கப்), பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, அரை எலுமிச்சையின் துருவிய மஞ்சள் தோல், குளிர்ந்த வெண்ணெய் 113 கிராம், ஒரு முட்டையின் மஞ்சள் கரு. கனடாவிலும் அமெரிக்காவிலும் குச்சியாக விற்கும் வெண்ணெயில் ஒன்று சரியாக 113 கிராம். உப்பு வெண்ணெய்தான் இருக்கிறது என்றால் தனியாக உப்பு போட வேண்டாம்.

பழத்துக்கு: ப்ளூபெர்ரி 350 கிராம், சர்க்கரை 50 கிராம், கார்ன்ஸ்டார்ச் ஒரு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி.

அவன் (oven) அடுப்பை 190 டிகிரி செல்சியஸில் (375 ஃபாரன்ஹீட்) முன்சூடு செய்ய விடுங்கள். தட்டில் பார்ச்மென்ட் தாளை இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விரியுங்கள், பிறகு பாரைத் தூக்க அதுதான் கைப்பிடி. மெழுகுத் தாளை அதற்குப் பதில் போடாதீர்கள், அவன் சூட்டில் மெழுகு உருகிவிடும். மைதா, சர்க்கரை, பேக்கிங் பவுடர், உப்பு, எலுமிச்சைத் தோல் எல்லாம் கலந்து, வெண்ணெயைச் சிறு துண்டாக வெட்டிப் போட்டு விரல் நுனியால் பிசிறுங்கள். வெண்ணெய் பட்டாணி அளவுக்கு வந்ததும் மஞ்சள் கருவைச் சேர்த்து இன்னும் கொஞ்சம் பிசிறுங்கள். புட்டுக்குப் பிசிறுகிற பதம்: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். சப்பாத்தி மாவாகத் திரண்டுவிட்டால் அளவு மீறிப் பிசைந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பாதிக்குச் சற்று அதிகமான மாவைத் தட்டில் கொட்டி, ஒரு டம்ளரின் அடியால் சமமாக அழுத்துங்கள். மீதியைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பழத்துக்குச் சொன்னவற்றில் முதலில் சர்க்கரையையும் கார்ன்ஸ்டார்ச்சையும் ஒன்றாகக் கலந்து, அப்புறம் பெர்ரியையும் சாறையும் சேர்த்துப் புரட்டி, மாவின்மேல் பரப்புங்கள். கார்ன்ஸ்டார்ச்சைத் தனியாக ஈரப் பழத்தில் கொட்டினால் கட்டி கட்டியாக நிற்கும். குளிர்ந்த மாவைக் கையில் பிடித்துப் பிடித்து உடைத்து மேலே தூவுங்கள், சில துண்டு பெரிதாக இருந்தால்தான் நன்றாக இருக்கும். 40 முதல் 45 நிமிடம்.

கார்ன்ஸ்டார்ச்சும் கார்ன்ஃப்ளாரும் ஒன்றா?

இந்தியாவில், இலங்கையில், பிரிட்டனில் கார்ன்ஃப்ளார் என்று வாங்கும் வெள்ளைப் பொடிதான் இங்கே கார்ன்ஸ்டார்ச். அமெரிக்கக் கடையில் கார்ன்ஃப்ளார் என்று எழுதியிருந்தால் அது மக்காச்சோளத்தை முழுதாக அரைத்த மாவு. இந்த வேலைக்கு அது ஆகாது.

கப்பால் அளந்தால் போதாதா? தராசு அவசியமா?

அவசியம் இல்லை, ஆனால் நான் தராசுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். அமெரிக்கக் கப் சுமார் 240 மி.லி., கனடியக் கப் 250 மி.லி. அந்த வித்தியாசம்கூடப் பரவாயில்லை. கப்பை மாவுப் பையில் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம் வரும், கரண்டியால் தூவி நிரப்பினால் 125 கிராம்தான் வரும். ஒன்றரை கப்புக்கு அது கிட்டத்தட்ட 40 கிராம் வித்தியாசம். "மாவு பிடிக்கவே இல்லை, மணலாக உதிர்கிறது" என்று வருகிற புகாரில் பெரும்பாலானவை இப்படி அள்ளியதால் வருபவைதான். ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: உங்கள் ஊர் மேசைக்கரண்டி 20 மி.லி., மற்ற இடங்களில் 15 மி.லி.

வெட்டினால் நடுவில் ஜூஸாக ஒழுகுகிறது. எங்கே தவறு?

பெர்ரி பாரில் உள்ள ஒரே உண்மையான சிக்கல் இதுதான். மாவு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் ருசி கெடாது. தண்ணீர் கணக்கு தப்பினால் பார் பாராக இருக்காது.

ப்ளூபெர்ரி எடையில் நூற்றுக்கு 84 பங்கு தண்ணீர். ராஸ்பெர்ரியில் 86, ஸ்ட்ராபெர்ரியில் 91. சூட்டில் தோல் வெடித்து இந்தத் தண்ணீர் முழுவதும் வெளியே வரும். அதைக் கட்டிப்போடத்தான் கார்ன்ஸ்டார்ச். ஆனால் அது கலந்த உடனே வேலை செய்யாது. சுமார் 65 டிகிரி செல்சியஸில் மாவுமணிகள் தண்ணீரைக் குடித்து உப்ப ஆரம்பிக்கும், 95 டிகிரியை நெருங்கும்போதுதான் முழுதாகக் கெட்டிப்படும். சர்க்கரை அதிகம் இருந்தால் இன்னும் தாமதமாகும். அதாவது பழம் உண்மையிலேயே கொதிக்க வேண்டும். ஓரத்தில் குமிழி வந்தால் போதாது, தட்டின் நடுப்பகுதியிலும் சாறு தடித்துக் களக் களக் என்று மெதுவாகக் குமிழி விட வேண்டும். மேல் மாவு சிவந்துவிட்டது என்று பார்த்து 30 நிமிடத்தில் எடுத்துவிடுகிறவர்களுக்குத்தான் ஒழுகும். மேலே சீக்கிரம் சிவந்தால் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடிவிட்டுச் சுடுவதைத் தொடருங்கள்.

இரண்டாவது காரணம் அவசரம். கொதிக்கும்போது கூழாக இருப்பது ஆறும்போதுதான் இறுகும். அவனிலிருந்து எடுத்ததும் இரண்டு மணி நேரம் வெளியே, அப்புறம் ஒரு மணி நேரமாவது குளிர்சாதனப் பெட்டியில். அதன் பிறகு தாளைப் பிடித்து மொத்தமாகத் தூக்கிப் பலகையில் வைத்து வெட்டுங்கள். சூட்டோடு சாப்பிட ஆசையாக இருந்தால் சாப்பிடுங்கள், ஐஸ்கிரீமோடு பிரமாதமாக இருக்கும். துண்டு மட்டும் நிற்காது.

இந்த இரண்டும் சரியாக இருந்தும் ஒழுகினால், கார்ன்ஸ்டார்ச்சை ஒரு தேக்கரண்டி கூட்டுங்கள். அதற்கு மேல் போனால் பழம் பசை மாதிரி ஆகி, வாயில் மாவுருசி தட்டும்.

அடிப்பாகம் நொளநொளவென்று இருக்கிறது.

பழம் போடும் முன் அடிமாவை மட்டும் 12 முதல் 15 நிமிடம் சுட்டுவிடுங்கள், ஓரம் லேசாக நிறம் மாறினால் போதும். ப்ளூபெர்ரிக்கு இது கட்டாயம் இல்லை, ஸ்ட்ராபெர்ரிக்குக் கட்டாயம் என்றே சொல்வேன். தட்டை அவனின் கீழ்த்தட்டுக்கு ஒரு படி இறக்குவதும் உதவும். கண்ணாடித் தட்டு மெதுவாகத்தான் சூடேறும், அதனால் அதில் அடி வேக நேரம் கூடுதலாகும். வெளிர் நிற உலோகத் தட்டு இருந்தால் அதையே எடுங்கள். கறுப்புத் தட்டில் அடி சீக்கிரம் கருகும், சூட்டைச் சற்றுக் குறையுங்கள்.

ஸ்ட்ராபெர்ரியில் செய்ய என்ன மாற்ற வேண்டும்?

ஸ்ட்ராபெர்ரி கொஞ்சம் படுத்தும். தண்ணீர் அதிகம், பழச்சாற்றை இறுக வைக்கும் பெக்டின் குறைவு, வெந்ததும் குழைந்து நிறமும் மங்கும். கொட்டைப்பாக்கு அளவுக்கு நறுக்கி, அதற்கான சர்க்கரையில் புரட்டி 20 முதல் 30 நிமிடம் வடிதட்டில் வையுங்கள். கீழே இறங்கும் சிவப்புச் சாறைக் கொட்டிவிடாதீர்கள். சின்னப் பாத்திரத்தில் பாதியாக வற்றும்வரை காய்ச்சி, ஆறவைத்து, பழத்தோடு திரும்பச் சேர்த்துவிடுங்கள். ருசியெல்லாம் அந்தச் சாற்றில்தான் இருக்கிறது. கார்ன்ஸ்டார்ச் ஒன்றரை மேசைக்கரண்டி.

சூப்பர்மார்க்கெட்டில் ஆண்டு முழுவதும் கிடைக்கும் பெரிய பழத்தைவிட, ஒன்டாரியோ ஜூன் பழம் சிறியது, உள்ளே முழுவதும் சிவப்பு, மணம் அதிகம். தூரப் பயணத்துக்குத் தாங்காத பழம் என்பதால் கடைக்காரர்களுக்குப் பிடிக்காது. பாருக்கு இதைவிட நல்லது இல்லை. பறித்த ஸ்ட்ராபெர்ரி வீட்டில் வைத்தால் நிறம் கூடலாம், இனிப்பு கூடாது. ஆகவே காம்புப் பக்கம்வரை சிவந்ததை மட்டும் பறியுங்கள்.

ராஸ்பெர்ரி, ப்ளாக்பெர்ரி?

இரண்டும் நன்றாக வரும். ராஸ்பெர்ரிக்குப் புளிப்பு இருப்பதால் எலுமிச்சைச் சாறு வேண்டாம். கழுவினால் அதன் குழிக்குள் தண்ணீர் தங்கிவிடும், அடுப்புக்குப் போகும் முன்தான் கழுவ வேண்டும், துணியில் பரப்பி உலர்த்தவும் வேண்டும். ப்ளாக்பெர்ரியின் விதை பல்லிடுக்கில் போய் உட்காரும். சிலருக்கு அது ஆகாது, அவர்கள் பாதிக்குப் பாதி ப்ளூபெர்ரி கலந்துகொள்ளலாம். பிரிட்டனில் இருப்பவர்களுக்கு ப்ளாக்கரன்ட் கிடைத்தால் விடாதீர்கள், பெக்டின் நிறைய, தானாகவே இறுகும். சர்க்கரையை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். கனடாவின் சமவெளி மாகாணங்களில் சாஸ்கட்டூன் பெர்ரி கிடைக்கும். அது ப்ளூபெர்ரி அளவிலேயே அப்படியே போகும்.

ப்ளூபெர்ரியின்மேல் வெள்ளைப் பொடி இருக்கிறதே, மருந்தா?

இல்லை. பழமே தன் தோலில் விடும் மெழுகு அது, ஈரம் போகாமல் காக்கும். அது அழியாமல் இருந்தால் பழம் புதிது, அதிகம் கைபடாதது என்று நம்பலாம். அதனால்தான் வாங்கியதும் கழுவி வைக்கக் கூடாது. உபயோகிக்கும்போது கழுவுங்கள். காம்பு இருந்த பக்கம் சிவப்பாக இருந்தால் இன்னும் பழுக்கவில்லை, புளிக்கும். பாரில் அப்படி நாலைந்து கிடந்தால் நல்லதுதான்.

தோட்டத்தில் நாம் பறிக்கும் ஆள் உயரச் செடிக்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன்புவரை ப்ளூபெர்ரி காட்டில் பொறுக்குகிற பழம்தான், பயிரிட முடியாது என்றே நினைத்தார்கள். நியூ ஜெர்சியில் வைட்ஸ்பாக் என்ற இடத்தில் கிரான்பெர்ரி விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த எலிசபெத் வைட், அரசுத் தாவரவியலாளர் ஃப்ரெடெரிக் கோவிலோடு 1911-இல் சேர்ந்து வேலையைத் தொடங்கினார். காட்டில் பெரிய பழம் காய்க்கும் செடியைக் காட்டுகிறவர்களுக்குப் பணம் கொடுத்து, அந்தச் செடிகளைக் கொண்டுவந்து வளர்த்தார்கள். செடியைக் கண்டுபிடித்தவர் பெயரையே அதற்கு வைத்துவிடுவதும் உண்டு. ரூபெல் என்ற ரகத்துக்கு அப்படித்தான் பெயர் வந்தது. 1916-இல் முதல் விளைச்சல் சந்தைக்குப் போனது.

காட்டு ப்ளூபெர்ரி இன்றும் நோவா ஸ்கோஷியா, கியூபெக், மெய்ன் பக்கம் உண்டு. மிளகைவிடக் கொஞ்சம் பெரிது, சாறு அடர்த்தி. உறைந்த பையாக இங்கே கடைகளில் கிடைக்கிறது. பாருக்கு என்னைக் கேட்டால் பெரிய தோட்டத்துப் பழத்தைவிட இதுதான் ஒரு படி மேல்.

அப்படியென்றால் உறைந்த பழத்தில் செய்யலாமா?

தாராளமாக. உருக விடாமல் அப்படியே போடுங்கள், கார்ன்ஸ்டார்ச் ஒரு தேக்கரண்டி அதிகம், நேரம் 5 முதல் 10 நிமிடம் அதிகம்.

பச்சை நிறமாக, நீலமாகத் திட்டுத் திட்டாக மாவில் தெரிகிறது. கெட்டுவிட்டதா?

கெடவில்லை. பேக்கிங் பவுடருக்குப் பதில் சோடா போட்டிருப்பீர்கள். பெர்ரியின் நிறம் ஆந்தோசயனின், புளிப்பில் சிவக்கும், சோடாவின் காரத்தன்மையில் நீலமும் பச்சையுமாகும். எலுமிச்சைச் சாறு சேர்ப்பது ருசிக்கு மட்டும் அல்ல, இந்த நிறத்தைக் காப்பதற்கும்தான்.

எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை.

மஞ்சள் கருவை விட்டுவிட்டு, ஒன்று முதல் ஒன்றரை மேசைக்கரண்டி குளிர்ந்த பாலோ கெட்டித் தயிரோ சேருங்கள். முட்டைக்கு மாற்றாக விற்கும் பொடி எதுவும் வேண்டாம். இந்த மாவை உப்ப வைப்பது முட்டை அல்ல, சேர்த்துப் பிடிக்கத்தான் அது. பாலும் அந்த வேலையைச் செய்யும், கொஞ்சம் கூடுதலாக உதிரும், அவ்வளவுதான்.

வெண்ணெய்க்குப் பதில் நெய்?

நடக்கும், ஆனால் அளவை மாற்ற வேண்டும். வெண்ணெயில் 80 சதவீதம்தான் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். நெய் முழுக்கக் கொழுப்பு. எனவே 113 கிராம் வெண்ணெய்க்கு 90 கிராம் நெய், ஒரு மேசைக்கரண்டி பால். நெய் உறைந்த நிலையில் இருக்க வேண்டும். உருக்கிய நெய்யை ஊற்றினால் மாவு எண்ணெய் குடித்த மாதிரி ஆகிவிடும். நெய்யில் செய்தது நான்கட்டாய் மாதிரி மணல் மணலாக வரும், வாசனையும் வேறு. ஸ்ட்ராபெர்ரிக்கு அந்த வாசனை ஒத்துப்போகிறது, ப்ளூபெர்ரிக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

கோதுமை மாவு, ஓட்ஸ்?

மைதாவில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு ஆட்டா போடலாம். முழுவதும் ஆட்டாவாகப் போட்டால் இறுகி, உலர்ந்து, பிள்ளைகள் ஒதுக்கிவிடுவார்கள். ஓட்ஸ் நல்ல தேர்வு: மேலே தூவும் மாவில் மட்டும் ஒரு கைப்பிடி கலந்தால் மொறுமொறுப்பு கூடும்.

சர்க்கரையைக் குறைக்கலாமா? நாட்டுச் சர்க்கரை?

பழத்துக்கான சர்க்கரையைப் பாதியாக்கலாம், நல்ல பருவத்துப் பழம் என்றால் யாருக்கும் தெரியாது. மாவில் கால் பங்குக்கு மேல் குறைத்தால் நிறமும் நறுக்கென்ற தன்மையும் போய்விடும். நாட்டுச் சர்க்கரையை மாவில் போடலாம், கட்டியில்லாமல் சலித்துக்கொள்ளுங்கள். அதில் ஈரம் கொஞ்சம் உண்டு, ஆகவே மஞ்சள் கருவை முழுதாக ஊற்றாமல் பார்த்துச் சேருங்கள். பழத்தில் மட்டும் வெள்ளைச் சர்க்கரையே இருக்கட்டும், இல்லாவிட்டால் வெல்ல வாசனை பெர்ரியை மூடிவிடும்.

ஏலக்காய் போடலாமா?

ஸ்ட்ராபெர்ரிக்கு ஒரு சிட்டிகை. ப்ளூபெர்ரிக்கு எலுமிச்சைத் தோல், வேண்டுமானால் துளி பட்டைப் பொடி. நம் கைக்கு ஏலக்காய் தாராளமாகவே விழும், அதைக் கொஞ்சம் கட்டுப்படுத்துங்கள்.

பிள்ளைகள் மாவைப் பச்சையாக எடுத்துச் சாப்பிடுகிறார்கள்.

விடாதீர்கள். முட்டை போடாத மாவிலும் ஆபத்து உண்டு. மைதா வேகவைத்த பொருள் அல்ல, ஈ.கோலை, சால்மொனெல்லா போன்ற கிருமிகள் அதில் இருக்கலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் இதற்காக மைதாவைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றதும் உண்டு.

இந்தியாவில் இருக்கிறோம். இது சாத்தியமா?

ஸ்ட்ராபெர்ரியில் சாத்தியம், ஆனால் கோடையில் அல்ல. மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெர்ரி குளிர்காலத்தில் தொடங்கிக் கோடை தொடக்கம்வரைதான் வரும், அந்தச் சமயத்தில் விலையும் கைக்கு எட்டும். ஊட்டி, கொடைக்கானல் பக்கமும் விளைகிறது. ப்ளூபெர்ரி பெரும்பாலும் இறக்குமதி, ஒரு பாருக்கு அவ்வளவு செலவழிப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. அன்னாசியைப் பொடியாக நறுக்கி, சர்க்கரையோடு சாறு வற்றும்வரை வதக்கி, ஆறவைத்து இதே மாவில் பரப்புங்கள். கார்ன்ஃப்ளாரே தேவைப்படாது. ஓடிஜி அவனில் நடுத்தட்டில் வைத்து, மேலும் கீழும் கம்பி எரியும்படி போடுங்கள். விசிறி உள்ள அவன் என்றால் 15 முதல் 20 டிகிரி குறையுங்கள். வெயில் காலத்தில் மாவு கையில் உருகினால், பிசிறியதும் கால் மணி நேரம் குளிர வைத்துவிட்டு அழுத்துங்கள்.

எத்தனை நாள் தாங்கும்? உறைய வைக்கலாமா?

வெளியே ஒரு நாள், குளிர்சாதனப் பெட்டியில் நாலைந்து நாள். இரண்டாம் நாள் மேல்மாவு மென்மையாகிவிடும், அவனில் 5 நிமிடம் காட்டினால் சரியாகும். மைக்ரோவேவில் ஆகாது.

இரண்டு மூன்று மாதம் உறைய வைக்கலாம். ஆனால் கார்ன்ஸ்டார்ச் போட்ட பழம் உறைந்து உருகும்போது தண்ணீர் விடும். உறைய வைக்கத்தான் செய்கிறீர்கள் என்றால் முதலிலேயே மரவள்ளி மாவு பயன்படுத்துங்கள். இங்கே டாப்பியோக்கா ஸ்டார்ச் என்று விற்பார்கள், ஜவ்வரிசி செய்யும் அதே மாவு. கார்ன்ஸ்டார்ச்சைவிடச் சற்று அதிகமாகப் போட வேண்டும், உருகியும் நிற்கும்.

பெரிய கூட்டத்துக்குக் கொண்டுபோக?

எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கி, இரண்டு மஞ்சள் கருவுக்குப் பதில் ஒரு முழு முட்டை போட்டு, 9-க்கு 13 அங்குலத் தட்டில் செய்யுங்கள். நேரம் 5 முதல் 10 நிமிடம் கூடும், நடுவில் குமிழி வருவதுதான் கணக்கு. முந்தின இரவே சுட்டு, தட்டோடு குளிர வைத்து, காலையில் வெட்டுங்கள். 24 துண்டு தாராளமாக வரும். துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இடையில் பார்ச்மென்ட் வையுங்கள். காரில் போகும்போது டப்பாவை வெயில் படும் இருக்கையில் வைக்க வேண்டாம், கால்பக்கம் வையுங்கள்.